முகம் பார்த்து எழுதும் தீர்ப்பு

பிறரைப் பற்றிய முதல் எண்ணத்தை மூளை எவ்வாறு உருவாக்குகிறது, அதில் உண்மை எவ்வளவு, அதைத் திருத்துவதற்கு என்ன வேண்டும் என்பவற்றை நரம்பியல் ஆய்வுகளோடும் உறையூர், திருவரங்க மரபுகளோடும் சேர்த்துப் பார்க்கும் சிறப்புக் கட்டுரை

புதிதாக எதிர்ப்படும் ஒருவரை மனம் எடை போடும் வேலை அவர் வாய் திறந்து ஒரு சொல் பேசுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்பதும், அப்படிப் போட்ட எடை பிழையானது என்று பின்னால் தெரியவந்தாலும் அது எளிதில் மாறிவிடுவதில்லை என்பதும், உளவியலும் மூளை நரம்பியலும் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கண்டுவரும் உண்மைகள். முகத்தின் அமைப்பு, தோலின் நிறம், உடை, பேச்சின் சாயல், பெயர் என்று கைக்குக் கிடைக்கும் சில துண்டுத் தகவல்களை வைத்துக்கொண்டு, நல்லவர், கெட்டிக்காரர், கறாரானவர், நம்பக்கூடாதவர் என்ற முழுமையான குணச்சித்திரத்தை மூளை தானாகவே எழுதி முடிக்கும் இந்தச் செயலை உளவியலாளர்கள் மனப்பதிவு உருவாக்கம் என்று அழைக்கிறார்கள்.

மனப்பதிவுகள் ஓயாமல் உருவாகும் இடங்களில் ஒன்று திருச்சிராப்பள்ளி. மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலுக்கும், லூர்து அன்னை ஆலயத்துக்கும், நத்தர்வலி தர்காவுக்கும் வருகிறவர்கள் ஒரே கடைவீதிகளில் கலந்து நடக்கும் நகரம் அது. காவிரியைக் கடந்தால், ஏழு பிராகாரங்களோடு 156 ஏக்கரில் விரிந்திருக்கும் திருவரங்கத்தில், வைகுண்ட ஏகாதசியன்று முன்பின் அறியாத இலட்சக்கணக்கான முகங்கள் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. அதைவிடக் கருதத்தக்கது, திருச்சியின் ஒரு பகுதியான உறையூரையும் அரங்கத்தையும் சுற்றி வழங்கிவரும் பழைய வரலாறுகளில் மிகவும் புகழ்பெற்றவை, ஒரு மனிதரை மற்றவர்கள் பார்வையால் எப்படி அளந்தார்கள், எப்படித் தவறினார்கள் என்பதையே மையமாகக் கொண்டிருப்பதுதான். மரபு கதையாகச் சொன்னதை ஆய்வுக்கூடம் அளவீடாகச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, முதல் எண்ணத்தைத் தடுப்பது மனிதரால் ஆகாத காரியம் என்பதும், அந்த எண்ணத்தின் கையில் தீர்ப்பை ஒப்படைக்காமல் இருப்பது ஆகக்கூடிய காரியம் என்பதும் தெளிவாகின்றன.

நொடியில் பத்தில் ஒரு பங்கு

கண்ணில் பட்ட ஓர் உருவம் முகம்தான் என்பதை மூளை ஏறத்தாழ 170 மில்லி நொடியில், அதாவது ஒரு நொடியின் ஆறில் ஒரு பங்கு நேரத்தில், பிரித்தறிந்துவிடுகிறது என்பது தலையோட்டின் மேல் பொருத்தப்படும் மின்முனைகள் வழியே பதிவாகும் மூளை மின்னலைகளிலிருந்து தெரிகிறது. காதுக்கு மேலே நெற்றிப்பொட்டை ஒட்டி அமைந்திருக்கும் பொட்டுமடலின் அடிப்புறத்தில், மற்றப் பொருள்களைக் காட்டிலும் முகங்களுக்கே மிகுதியாகக் கிளர்ச்சியுறும் ஒரு பகுதி உண்டு என்பதை அமெரிக்க நரம்பியலாளர் நான்சி கான்விஷரும் அவருடைய குழுவினரும் 1997இல் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டு காட்டினர். இயங்கும் மூளையில் எந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது என்பதை அளந்து, அந்தப் பகுதி வேலை செய்கிறது என்று கணிக்க உதவும் கருவி அது.

முகத்தை முகம் என்று அறிவதோடு மூளை நிற்பதில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் பார்த்திராத முகங்களின் படங்கள் 100 மில்லி நொடி மட்டுமே காட்டப்பட்டன. அந்த முகத்துக்குரியவர் நம்பத்தக்கவரா, திறமையுள்ளவரா, முரடரா என்று அதற்குள் பங்கேற்பாளர்கள் சொன்ன கருத்து, கால வரம்பே இல்லாமல் வேண்டிய மட்டும் பார்த்தவர்களின் கருத்தோடு பெருமளவு ஒத்துப்போனது. பார்க்கும் நேரத்தை நீட்டித்தபோது தங்கள் கருத்தின் மீது அவர்களுக்கு இருந்த உறுதி கூடியதே தவிர, கருத்து பெரிதாக மாறவில்லை. நீண்ட நேரம் உற்றுப் பார்ப்பதை ஆராய்ந்து முடிவெடுப்பதாகப் பலரும் கருதிக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்தின் பெரும்பகுதி, முன்பே எடுத்துவிட்ட முடிவுக்கு வலுச்சேர்ப்பதில் கழிகிறது.

இந்த விரைவான கணிப்பில் அமிக்டலா என்ற சிறிய நரம்பணுத் திரளுக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. மூளையின் இரு பக்கத்திலும் பொட்டுமடலுக்குள் ஆழமாக, வாதாம் பருப்பின் வடிவில் அமைந்திருக்கும் இது, அச்சத்தையும் ஆபத்தையும் மட்டுமன்றி, தனக்கு முக்கியமானது எது என்பதையும் விரைந்து குறித்துக்காட்டுகிறது. இருபுற அமிக்டலாவும் சிதைந்துபோன நோயாளிகள், மற்றவர்கள் தயங்கி ஒதுங்கும் முகங்களையும் நம்பத்தக்கவை, அணுகத்தக்கவை என்றே மதிப்பிட்டதை ரால்ஃப் அடால்ஃப்ஸ், டேனியல் டிரேனல், அன்டோனியோ டமாசியோ ஆகியோர் 1998இல் பதிவு செய்தனர். முகத்தைப் பார்த்ததும் எழும் எச்சரிக்கை, நெடுநாள் அனுபவத்தில் முதிர்ந்த ஞானம் அன்று, குறிப்பிட்ட ஓர் உறுப்பின் இயக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒத்த கருத்தும் உண்மைக் கருத்தும்

ஒரு முகத்தைப் பற்றிப் பலரும் ஒரே கருத்தைச் சொல்வதால் அந்தக் கருத்து உண்மையாகிவிடாது. முதல் எண்ணத்தைப் பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், முகம் பார்த்துக் குணம் சொல்வதில் மனிதர்களுக்குள் ஒற்றுமை மிகுதியாகவும், துல்லியம் மிகக் குறைவாகவும் இருப்பது புலப்படும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளும்கூட எந்த முகம் நல்ல முகம், எது பொல்லாத முகம் என்பதில் பெரியவர்களோடு ஒத்துப்போகிறார்கள். அந்த வயதில் மனிதர்களோடு பழகித் தேர்ந்த அனுபவம் அவர்களுக்கு இருக்க வாய்ப்பில்லை. ஒருவருடைய முகம் இயல்பிலேயே, சினமோ சிரிப்போ இல்லாத நேரத்திலும், சிரிக்கும் முகத்தைச் சற்றே ஒத்திருந்தால் அவரை நல்லவர் என்றும், சினந்த முகத்தைச் சற்றே ஒத்திருந்தால் அவரைக் கடுமையானவர் என்றும் மூளை பிழையாகப் படிக்கிறது என்பது டோடரோவ் உள்ளிட்டோர் தரும் விளக்கம். அந்தந்த நேரத்து உணர்ச்சியைப் படிப்பதற்காக அமைந்த திறமையை, வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கும் குணத்தைப் படிப்பதற்கும் மூளை பயன்படுத்திவிடுகிறது.

இந்த வேறுபாட்டைத் திருக்குறளின் அமைப்பிலேயே காணலாம். முகத்தையும் கண்ணையும் பார்த்து உள்ளத்தில் ஓடுவதை உணரும் ஆற்றலைக் குறிப்பறிதல் என்ற 71ஆம் அதிகாரத்தில் உயர்த்திப் பேசும் வள்ளுவர், ஒருவரை நம்பிப் பொறுப்பைக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஆய்வை அதற்கு வெகு முன்பே, தெரிந்துதெளிதல் என்ற 51ஆம் அதிகாரத்தில் தனியே வகுத்துவிடுகிறார். அங்கே அவர் கேட்பது முகக்குறிப்பை அல்ல. நிறையையும் குறையையும் எடுத்துவைத்து மிகுதியானது எது என்று பார்ப்பதையும், செயலையே உரைகல்லாகக் கொள்வதையும்தான். எதிரில் இருப்பவர் இப்போது வருந்துகிறாரா என்பதை முகம் சொல்லக்கூடும். அவரிடம் கருவூலத்தை ஒப்படைக்கலாமா என்பதை முகம் சொல்லாது.

சொல்லாத ஒன்றைச் சொல்வதாக எடுத்துக்கொள்வதன் விளைவுகள் சிறியவை அல்ல. அமெரிக்கத் தேர்தல் வேட்பாளர்கள் இருவரின் படங்களை அவர்களை அறியாத மனிதர்களிடம் ஒரே நொடி காட்டி, திறமையானவராகத் தெரிபவர் யார் என்று கேட்டபோது, அவர்கள் சுட்டிய முகமே செனட் சபைத் தேர்தல்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு வென்றிருந்ததை டோடரோவின் குழு 2005இல் காட்டியது. ஃபுளோரிடா மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில், நம்பத்தகாதது போன்ற முகம் உடையவர்களுக்கு ஆயுள் தண்டனையைக் காட்டிலும் மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததை ஜான் பால் வில்சனும் நிக்கலஸ் ரூலும் 2015இல் கண்டனர். பின்னாளில் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்களிடையேயும் அதே போக்கு காணப்பட்டது. உயிர் போகும் வழக்கிலேயே முகம் சாட்சி சொல்கிறது என்றால், வேலைக்கான நேர்காணலிலும் பெண் பார்க்கும் படலத்திலும் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் இடத்திலும் அது எவ்வளவு உரக்கப் பேசும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

நெற்றிக் குறியும் பெயரும்

தனி மனிதரைப் பார்ப்பதற்கு முன் மூளை அவரை ஏதேனும் ஒரு குழுவில் வைத்துவிடுகிறது. உளவியலில் இதற்கு வகைப்படுத்தல் என்று பெயர். திருவரங்கத்தின் வீதிகளில் இதை மிக அருகிலிருந்து பார்க்கலாம். நெற்றியில் இட்டிருக்கும் திருமண்ணின் வெள்ளைக் கோடுகள் புருவங்களுக்கு நடுவில் வளைந்து முடிந்தால் அவர் வடகலையார் என்றும், அந்த வளைவுக்குக் கீழே மூக்கின் மேல் ஒரு பாதம் இறங்கினால் அவர் தென்கலையார் என்றும் ஊரார் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். விரற்கடை அளவே உள்ள ஒரு கோட்டிலிருந்து அவருடைய மடம், குருபரம்பரை, சடங்கு முறை, உறவு வட்டம் ஆகிய அனைத்தும் பார்ப்பவரின் மனத்தில் விரிந்துவிடுகின்றன. அடையாளத்தைத் தெரிந்துகொள்வது தவறு அன்று. அந்தக் கோட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத நேர்மை, கருமித்தனம், அகந்தை போன்ற குணங்களும் அதே பார்வையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவதே சிக்கல்.

ஒரு குழுவைப் பற்றிய எண்ணம் இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைகிறது என்று சூசன் ஃபிஸ்கும் ஏமி கடியும் பீட்டர் கிளிக்கும் 2002இல் விளக்கினார்கள். இவர்கள் எண்ணம் நமக்கு நல்லதா கெட்டதா என்பது முதல் கேள்வி; எண்ணியதைச் செய்து முடிக்கும் வலிமை இவர்களுக்கு உண்டா என்பது இரண்டாவது. முதலாவதைக் கனிவு என்றும் இரண்டாவதைத் திறமை என்றும் கொண்டால், இரண்டிலும் தாழ்வாக வைக்கப்படும் குழுவினர் மீதுதான் மிகக் கடுமையான இகழ்ச்சி விழுகிறது.

இந்தியாவில் இந்த வகைப்படுத்தலுக்கு முகம்கூடத் தேவைப்படுவதில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ்களில் வெளிவந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, கல்வித் தகுதியில் சமமான 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்பதே முக்கிய வேறுபாடு. நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்குக் குறைவாகவும், முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவாகவும் இருந்தது. பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாத நிலையிலும் ஒரு குணச்சித்திரம் எழுதப்பட்டு, அதன் பேரில் கதவு அடைக்கப்படுகிறது. நேர்மையாக நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்களிடமும் இத்தகைய சாய்வுகள் அவர்கள் அறியாமலே இயங்குகின்றன என்பதை அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர், செகந்திராபாத்தில் பிறந்து ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மகசரின் பானாஜி.

உறையூர்ப் பாணர் மீது விழுந்த கல்

பார்வை எவ்வளவு விரைவாகக் கையின் செயலாகிவிடும் என்பதை வைணவ குருபரம்பரை வரலாறுகள் சொல்லும் திருப்பாணாழ்வார் வரலாற்றில் காணலாம். உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த அவர், தீண்டாமை காரணமாக அரங்கத் தீவில் கால் வைக்காமல் காவிரியின் தென்கரையில் நின்று பெருமாளைப் பாடிக்கொண்டிருந்தார். திருமஞ்சனத்துக்கு நீர் எடுக்க வந்த உலோகசாரங்கர் அவரை விலகச் சொன்னார். பாடலில் தோய்ந்திருந்தவர் காதில் அது விழவில்லை. உலோகசாரங்கர் எறிந்த கல் பாணரின் நெற்றியில் பட்டுக் குருதி வழிந்தது. அதே குருதி பெருமாளின் நெற்றியிலும் வழிந்தது என்றும், பாணரைத் தோளில் சுமந்து வருமாறு உலோகசாரங்கருக்கு இறைவனின் ஆணை பிறந்தது என்றும் அந்த வரலாறு தொடர்கிறது. தோளில் வந்து சந்நிதியில் நின்ற பாணர் பாடிய பத்துப் பாசுரங்களே அமலனாதிபிரான்; திருவடியில் தொடங்கித் திருக்கண்கள் வரை ஒவ்வோர் அங்கமாகப் பார்த்துக்கொண்டே மேலேறும் அந்தப் பாசுரங்கள் முழுவதும் காட்சியாலேயே ஆனவை.

உலோகசாரங்கரைக் கொடியவராக மரபு சித்திரிக்கவில்லை; அவர் தம் கடமையில் கருத்தாக இருந்தவர். எதிரில் நின்றவரின் குலம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கணத்தில் பாணர் செய்துகொண்டிருந்த செயல், அதாவது பாட்டு, காதில் விழுந்தும் கணக்கில் சேரவில்லை. வகைப்படுத்தல் முடிந்த பிறகு தனி மனிதரைப் பற்றிய சான்றுகள் நேரில் இருந்தும் புறக்கணிக்கப்படும் என்று உளவியல் சொல்வது இந்த நிலையைத்தான்.

இதே பிழையை அரசே சட்டமாக்கிய காலமும் தமிழ் நிலத்தில் இருந்தது. சில சாதியினரைப் பிறவியிலேயே குற்றவாளிகளாகக் கருதிய 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி விரிவாக்கப்பட்டபோது சென்னை மாகாணமும் அதன் பிடிக்குள் வந்தது. அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதற்காகவே மனிதர்களின் கைரேகை பதிவு செய்யப்பட்டது. எதிர்த்து நின்ற மதுரை வட்டாரப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது. ஆனால் ஒரு சமூகத்தின் பெயரைக் கேட்டதும் எழும் ஐயம், சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை நீக்குவதால் நீங்கிவிடுவதாக இல்லை.

ஒரு சொல் மாறினால் ஆளே மாறுகிறார்

குணங்களைப் பற்றிய தகவல்களை மூளை கூட்டல் கணக்காகச் சேர்ப்பதில்லை என்பதை முதலில் ஆய்வின் வழி நிறுவியவர் சாலமன் ஆஷ். அவர் 1946இல் வெளியிட்ட கட்டுரையில், அறிவுள்ளவர், திறன் மிக்கவர், உழைப்பாளி, கனிவானவர், உறுதியானவர், நடைமுறை அறிந்தவர், எச்சரிக்கையானவர் என்ற பட்டியலை ஒரு குழுவினருக்கும், அதில் கனிவானவர் என்பதற்குப் பதிலாக இறுக்கமானவர் என்று மட்டும் மாற்றிய பட்டியலை இன்னொரு குழுவினருக்கும் வாசித்துக் காட்டினார். முதல் குழுவில் 91 விழுக்காட்டினர் அவரைத் தாராள மனம் உள்ளவர் என்றனர். இரண்டாம் குழுவில் அப்படிச் சொன்னவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே. நேர்மையானவர் என்பதில் இரு குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பட்டியலின் நடுவில் இருந்த ஒரே சொல், மற்ற ஆறு சொற்களின் பொருளையும் திருப்பிவிட்டது: கனிவானவரின் அறிவு நன்மை செய்யும் அறிவாகவும், இறுக்கமானவரின் அறிவு கணக்குப் பார்க்கும் அறிவாகவும் கேட்டவர்கள் மனத்தில் உருவெடுத்தன. நல்ல குணங்களை முதலில் சொல்லித் தீய குணங்களைப் பின்னால் சொன்னால் உருவாகும் மனிதர் வேறு, அதே பட்டியலைத் தலைகீழாக வாசித்தால் உருவாகும் மனிதர் வேறு என்பதும் ஆஷின் சோதனைகளில் வெளிப்பட்டது.

ஒரு பண்பு மற்றப் பண்புகள் மீதும் ஒளியையோ நிழலையோ வீசுவதை, அதற்கும் முன்பே, 1920இல் எட்வர்ட் தார்ன்டைக் ஒளிவட்ட விளைவு என்று பெயரிட்டு விளக்கியிருந்தார். படை அதிகாரிகள் தம் கீழிருந்தவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டபோதும், ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் மற்றவற்றிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தார். வயதும் இப்படிப்பட்ட ஒளிவட்டம் உடையதுதான். உறையூரை வளப்படுத்திய கரிகாலன் இளைஞனாக இருந்தபோது, வழக்குரைக்க வந்த முதியோர் இருவர் இவ்வளவு இளையவனால் நீதி வழங்க முடியுமா என்று ஐயுற்றதாகவும், அவன் நரைமுடி தரித்து முதியவன் கோலத்தில் அமர்ந்து வழக்கைத் தீர்த்ததாகவும் தமிழ் மரபு சொல்கிறது. குழந்தைச் சாயல் மாறாத முகம் உடைய பெரியவர்களை வெகுளி என்றும் வலுவற்றவர் என்றும் மற்றவர்கள் கருதிவிடுவதை லெஸ்லி செப்ரோவிட்ஸ் தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியிருக்கிறார். தீர்ப்பின் நேர்மையில் எந்த மாற்றமும் இல்லாமல் தலைமுடியின் நிறத்தை மட்டும் மாற்றி நம்பிக்கையைப் பெற்ற சோழன், மக்களின் மூளை எதற்கு மதிப்பெண் போடுகிறது என்பதை அறிந்திருந்தான்.

ஒழுக்கத்தைப் பற்றிய தகவல்களில் மூளையின் கணக்கு இன்னும் கண்டிப்பானது. ஒருமுறை திருடியவரைத் திருடர் என்று எழுதிவைக்கும் மனம், ஒருமுறை உதவியவரை வள்ளல் என்று அவ்வளவு எளிதில் எழுதிவைப்பதில்லை. திறமையிலோ நேர்மாறாக, ஒரு பெரும் வெற்றி பல தோல்விகளை மறைத்துவிடுகிறது. நல்லவரும் எப்போதாவது பிழை செய்யக்கூடும் என்பதைக் காட்டிலும், தீயவரும் நல்லவர் போல் நடிக்கக்கூடும் என்பதையே மனம் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. களங்கம் ஒரு நாளில் ஒட்டிக்கொள்வதும், அதைக் கழுவ ஒரு வாழ்நாள் தேவைப்படுவதும் இதனால்தான்.

இரண்டாம் பார்வை

முதல் எண்ணத்தோடு மூளையின் வேலை முடிந்துவிட்டால் மனித உறவுகளில் திருத்தத்துக்கே இடமிருக்காது. டேனியலா ஷில்லரும் எலிசபெத் ஃபெல்ப்ஸும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகக் கலந்து சொல்லப்பட்ட செய்திகளைப் படித்தவர்களின் மூளையில், இறுதியில் அவர்கள் எடுத்த முடிவோடு ஒத்துப்போன செய்திகளைப் படித்த வேளையில், அமிக்டலாவும் மூளையின் நடுப்பிளவை ஒட்டிப் பின்புறம் அமைந்த பின் வளையப் புறணியும் கூடுதலாக இயங்கின. விலையையும் பந்தயத்தையும் மதிப்பிடும்போது இயங்கும் பகுதிகளோடு இவை தொடர்புடையவை என்பதால், மனிதரை மதிப்பிடுவதும் பொருளை மதிப்பிடுவதும் ஓரளவு பொதுவான வழிகளிலேயே நிகழ்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதினர். நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டி மேற்பகுதியில் இருக்கும் முன்னெற்றிப் புறணியோ, பிறருடைய நோக்கமும் இயல்பும் என்ன என்று எண்ணிப் பார்க்கும்போது விழித்தெழுகிறது. ஒருவரைப் பற்றிய செய்திகளின் வரிசையை நினைவில் வைக்கச் சொன்னபோது அவ்வளவு இயங்காத அந்தப் பகுதி, அவர் எப்படிப்பட்டவர் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னபோது கூடுதலாக இயங்கியதை ஜேசன் மிட்செல் குழுவினர் 2004இல் கண்டனர்.

இந்த இரண்டு படிநிலைகளுக்கும் இடையே உள்ள காலத்தையும் அளக்க முடிந்திருக்கிறது. வில்லியம் கன்னிங்காம் குழுவினர் 2004இல் வெள்ளை அமெரிக்கர்களுக்குக் கறுப்பினத்தவர் முகங்களை 30 மில்லி நொடி மட்டும் காட்டியபோது, வெள்ளையர் முகங்களைக் காட்டிலும் அவற்றுக்கு அமிக்டலா மிகுதியாகக் கிளர்ந்தது. அதே முகங்களை 525 மில்லி நொடி காட்டியபோது அந்த வேறுபாடு குறைந்து, கட்டுப்பாட்டோடு தொடர்புடைய முன்னெற்றிப் பகுதிகளின் இயக்கம் கூடியது. ஏறத்தாழ அரை நொடிக்குள் திருத்தம் தொடங்கிவிடுகிறது என்பது ஆறுதலான செய்தி. அந்த அரை நொடியும் கவனமும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அவசரமும் களைப்பும் கூட்ட நெரிசலும் முதலில் பறித்துக்கொள்வது அவற்றைத்தான்.

எதைக் காரணமாகக் கொள்கிறோம் என்பதில் பண்பாட்டுக்கும் பங்கு உண்டு. ஒருவர் தவறு செய்தால் அவர் குணமே அப்படித்தான் என்று சொல்வதா, அவருடைய சூழலைப் பார்ப்பதா என்பதை, மைசூரில் வாழ்ந்த இந்துக்களிடமும் அமெரிக்கர்களிடமும் ஜோன் மில்லர் ஒப்பிட்டு 1984இல் வெளியிட்டார். அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தை மிகுதியாகவும், மைசூர்ப் பெரியவர்கள் உறவு, கடமை, சூழ்நிலை ஆகியவற்றை மிகுதியாகவும் காரணம் காட்டினர். சிறு குழந்தைகளிடம் அந்த வேறுபாடு இல்லை என்பதால், அது வளர்ப்பினால் வந்தது என்பது தெளிவாகிறது. சூழலைப் பார்க்கும் இந்தப் பழக்கம் தமிழர்களுக்கும் அயலானது அன்று. ஆனால் சாதியும் மதமும் குறுக்கே வரும் இடத்தில் அந்தத் தாராளம் சுருங்கிவிடுகிறது என்பதையே வேலை விண்ணப்பங்களின் ஆய்வு உணர்த்துகிறது.

இரண்டாம் பார்வையை ஒரு முறையாகவே நடத்திக் காட்டியவராகத் திருவரங்கம் இராமானுசரை நினைவுகூர்கிறது. உறையூர் மல்லரான உறங்காவில்லி, சுடு மணலில் நடந்த தம் மனைவி பொன்னாச்சிக்குக் குடை பிடித்து, அவள் கண்ணழகில் மெய்மறந்து சென்றபோது, கண்டவர்கள் எள்ளி நகைத்தார்கள். இராமானுசர் அவரை அழைத்துக் காரணம் கேட்டார். அரங்கனின் கண்ணழகைக் காட்டினார். கணவனும் மனைவியும் அடியவர்கள் ஆயினர். பிற்பட்ட குலத்தவரோடு ஆசிரியர் இவ்வளவு நெருங்கிப் பழகுவது மற்றச் சீடர்களுக்குப் பொறுக்கவில்லை. இராமானுசரின் ஏற்பாட்டில், உலர்த்தியிருந்த அவர்களுடைய ஆடைகள் சிறிதளவு கிழிக்கப்பட்டபோது அவர்கள் தமக்குள் சண்டையிட்டதும், அவர்களையே அனுப்பி உறங்குவது போலிருந்த பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றச் செய்தபோது, மறுபக்க நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் புரண்டு படுத்ததும் குருபரம்பரைச் செய்திகள். குலத்தைக் கொண்டு எழுதப்பட்ட மதிப்பீட்டுக்கு எதிராக இராமானுசர் அறிவுரையை வைக்கவில்லை, ஒரே சோதனையில் இரு தரப்பாரும் என்ன செய்தார்கள் என்ற சான்றை வைத்தார்.

முகம் இல்லாத நட்பு

முகம் இல்லாமலும் ஒரு மனிதரைப் பற்றிய ஆழ்ந்த எண்ணம் உருவாகக்கூடும் என்பதற்குச் சங்க காலத்து உறையூரே சான்று. அங்கிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. புலவரின் பாட்டும் அரசனைப் பற்றிச் சான்றோர் சொன்ன செய்திகளுமே இருவருக்கும் கிடைத்தவை. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தையார் தவறாமல் வருவார் என்று சொல்லி அவருக்கு இடம் ஒதுக்கச் செய்ததும், அவர் வந்து உடன் உயிர் நீத்ததும் புறநானூற்றுப் பாடல்களால் தெரியவருகின்றன. பழகாமலே நட்பு அமையும் என்பதற்குப் பரிமேலழகர் தம் குறள் உரையில் இவர்களையே எடுத்துக்காட்டினார். செயலும் சொல்லும் நெடுங்காலம் சேர்ந்து எழுதிய மதிப்பீடு, கண்ட காட்சி எழுதிய மதிப்பீட்டைவிட உறுதியாக நின்றதற்கு இது எடுத்துக்காட்டு.

முகத்தின் வழியும் குரலின் வழியும் மூளைக்குள்ளேயே வெவ்வேறு என்பதைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலாளர் வி.எஸ். இராமச்சந்திரன் ஆராய்ந்த ஒரு நோயாளியின் நிலை விளக்குகிறது. விபத்தில் தலையில் அடிபட்ட அந்த இளைஞர், தம் பெற்றோரை நேரில் பார்க்கும்போது, அவர்களைப் போலவே இருக்கும் போலிகள் என்றார். தொலைபேசியில் அவர்கள் குரலைக் கேட்டால் ஐயமின்றிப் பெற்றோர் என்றார். முகத்தை அறியும் பகுதிக்கும் உணர்ச்சியைத் தரும் அமிக்டலாவுக்கும் இடையிலான இணைப்பு அறுந்திருக்க, குரலிலிருந்து அங்கே செல்லும் இணைப்பு அறாமல் இருந்தது என்பது இராமச்சந்திரன் தந்த விளக்கம். காப்கிராஸ் நோய்க்குறி எனப்படும் இந்த நிலை, நெருங்கியவர் என்ற எண்ணமே முகத்தோடு வந்து சேரும் உணர்ச்சியால் தாங்கப்படுவது என்பதைக் காட்டுகிறது.

முகத்தை மறைக்கும் ஏற்பாடுகள்

எல்லாரையும் சமமாக நினைப்பேன் என்ற உறுதிமொழி நல்லதுதான். ஆனால் 100 மில்லி நொடியில் முடிந்துவிடும் ஒரு செயலை உறுதிமொழியால் முந்த முடியாது. முந்தக்கூடியது ஏற்பாடு மட்டுமே. தமிழகத்துத் தேர்வுகளில் வழங்கிவந்த டம்மி எண் முறை இதற்குத் தக்க சான்று. மாணவர் எழுதிய பதிவெண் விடைத்தாளிலிருந்து பிரிக்கப்பட்டு, அதற்குப் பதிலாக வேறோர் எண் இடப்பட்டது. திருத்துபவரின் மேசைக்கு அந்த எண்ணோடு மட்டுமே தாள் வந்து சேர்ந்தது. மதிப்பெண் இட்டு முடித்த பிறகே இரண்டு எண்களும் பொருத்தப்பட்டன. பெயரும் ஊரும் கல்லூரியும் தெரியாததால், அவற்றின் பேரில் எழக்கூடிய ஒளிவட்டத்துக்கும் அங்கே வேலை இருக்கவில்லை. முத்துமுத்தான கையெழுத்து அப்போதும் கண்ணில் படத்தான் செய்தது என்றாலும், பெரிய வாயில் ஒன்று அடைபட்டிருந்தது. 1939இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையம் சார்ந்திருக்கும் அகில இந்திய வானொலியிலும், இசைக் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஆளைப் பார்க்காமல் குரலையும் வாத்தியத்தையும் மட்டும் கேட்டு மதிப்பிடும் வழக்கம் உண்டு.

மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்காணல் கைவிடப்பட்டதும் இந்த வரிசையில் சேர்த்து எண்ணத்தக்கது. நேர்காணல் தவிர்க்க முடியாத இடங்களில், எல்லாருக்கும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் உடனுக்குடன் மதிப்பெண் இட்டு, இறுதியில் கூட்டிப் பார்க்கும் முறை, மனம் போன போக்கில் பேசித் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் பணியில் ஒருவர் எப்படி இருப்பார் என்பதைச் சரியாகக் கணிக்கிறது என்பது பல ஆண்டு ஆய்வுகளின் முடிவு. கல்லூரிகள் நிறைந்த திருச்சியில் ஒவ்வோர் ஆண்டும் வளாக நேர்காணல்களுக்கு வரிசையில் நிற்கும் இளைஞர்களுக்கு, குறிப்பாக முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு, இந்த ஒரு மாற்றம் எத்தனையோ தன்னம்பிக்கை வகுப்புகளைவிடப் பயன் தரும். மேடைக் கூச்சமும் ஆங்கிலத் தடுமாற்றமும் மங்கலான உடையும் முதல் நொடியில் எழுதிவிடும் தீர்ப்பை, அவர்களுடைய விடைகள் திருத்தும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

முகத்தை மறைப்பது பாதி வழி. மறைக்க முடியாத இடங்களில் கூடிப் பழகுவது மறுபாதி. உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்தி, மேட் லோ 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. பல சாதியினர் ஒரே அணியில் சேர்ந்து விளையாடியபோது சாதி கடந்த நட்பு கூடியது. அதே இளைஞர்கள் எதிரெதிர் அணிகளில் சந்தித்தபோது அந்த நன்மை விளையவில்லை. ஒரே ஊரில் வாழ்வதும் ஒரே வீதியில் நடப்பதும் மட்டும் போதாது, ஒரே காரியத்தில் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்பது அதன் பாடம்.

மூளை தன் பழைய வேலையை நாளையும் செய்யத்தான் போகிறது. காட்டிலும் சிறு குடியிருப்பிலும் வாழ்ந்த மனிதருக்கு அயலாரை நொடியில் அளப்பது உயிர்காக்கும் கருவியாக இருந்திருக்கலாம். முன்பின் தெரியாத இலட்சம் பேர் சட்டத்தின் முன்னும் வேலையின் முன்னும் சமம் என்று ஏற்றுக்கொண்ட சமூகத்தில், அந்தக் கருவிக்கு எச்சரிக்கை மணி என்ற இடம் போதும், நீதிபதியின் இருக்கை தேவையில்லை. ஆகவே ஒருவர் மற்றவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடங்களான பள்ளி, காவல் நிலையம், நீதிமன்றம், வேலை அலுவலகம், வாடகை வீடு ஆகிய ஒவ்வொன்றிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றே: இங்கே முடிவு எடுக்கப்படுவதற்கு முன், அந்த மனிதர் என்ன செய்தார் என்பதைப் பார்க்கும் கட்டாயம் யாருக்காவது இருக்கிறதா? அந்தக் கட்டாயம் விதியாக எழுதப்படாத இடத்தில், நல்லவர்களின் கையிலிருந்தும் கல் பறந்துகொண்டேதான் இருக்கும்.